குழந்தைக் காப்பகத்துக்காக முதலாளிகள் ஏன் வாதாடுகிறார்கள்? அதனால் என்ன மாறியிருக்கிறது?

அமெரிக்காவில் வேலை பார்க்கும் ஒருவர் கேட்டிருப்பது இது: "எங்கள் மாநிலத்தில் வர்த்தக சபைக்காரர்களும் கம்பெனித் தலைவர்களும் சட்டமன்றத்துக்குப் போய், குழந்தைக் காப்பகத்துக்கும் பள்ளிக்கு முந்தைய கல்விக்கும் அரசு பணம் ஒதுக்க வேண்டும் என்று பேசுகிறார்கள். இவர்களுக்கு இதில் என்ன அக்கறை? இவர்கள் பேசினால் ஏதாவது நடக்குமா? எங்கள் கம்பெனித் தலைமையிடம் நானும் இதைப் பற்றிப் பேசலாமா?"

தாராளமாகப் பேசலாம். பேச வேண்டும் என்றுதான் சொல்வேன். ஆனால் எதைக் கேட்பது என்று தெரிந்துகொண்டு பேச வேண்டும். முதலாளிகள் பேசியதால் சட்டம் மாறியிருக்கிறது. செலவில் தங்கள் பங்கைக் கொடுக்க அவர்களே முன்வந்த இடங்களில் அந்த மாற்றம் நின்று நிலைத்திருக்கிறது. பேச்சோடு நிறுத்திக்கொண்ட இடங்களில் மேடையில் கைதட்டல் கிடைத்ததோடு சரி.

நான் மூன்று வருடம் பெற்றோரே நடத்திய ஒரு சின்னக் காப்பகத்துக்குப் பொருளாளராக இருந்தேன். அதனால் கணக்கிலிருந்தே ஆரம்பிக்கிறேன். இந்தக் கணக்குப் புரிந்தால்தான் முதலாளிகள் ஏன் அரசிடம் போகிறார்கள் என்பது புரியும்.

கைக்குழந்தைகள் அறை ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். எட்டுக் குழந்தைகள். நான்கு குழந்தைக்கு ஒருவர் இருக்க வேண்டும் என்பது பல மாநிலங்களில் விதி. ஆக, எந்த நேரமும் அறையில் இரண்டு பேர். காலை 7 மணிக்குத் திறந்து மாலை 6 மணிக்கு மூடினால் 11 மணி நேரம். இரண்டு பேருக்கு 22 மணி நேரம். வாரத்துக்கு 110 மணி நேரம். மணிக்கு 15 டாலர் சம்பளம் என்றால் 1,650 டாலர். முதலாளி கட்ட வேண்டிய சம்பள வரியையும் சேர்த்தால் ஏறக்குறைய 1,780. எட்டால் வகுத்தால் ஒரு குழந்தைக்கு வாரம் 220 டாலருக்கு மேல், மாதம் 960 டாலர் அளவுக்கு. இது வெறும் சம்பளம். வாடகை, காப்பீடு, சாப்பாடு, மேலாளர் சம்பளம், ஒருவர் லீவு போட்டால் மாற்று ஆள், எதுவும் இதில் சேரவில்லை.

இப்போது அந்த 15 டாலரை 20 ஆக்கிப் பாருங்கள். ஒவ்வொரு குழந்தைக்கும் மாதம் 320 டாலர் கூடுகிறது. நிர்வாகக் குழுக் கூட்டத்தில் நான் இந்தக் கணக்கைப் போர்டில் எழுதிக் காட்டியபோது யாரும் பேசவில்லை. எதிரே உட்கார்ந்திருந்த பெற்றோரில் பாதிப் பேரால் அந்த 320-ஐத் தர முடியாது. அறையில் குழந்தையை மடியில் வைத்துப் பால் புகட்டிக்கொண்டிருக்கும் பெண்ணுக்கோ, பக்கத்துக் கிடங்கில் பெட்டி அடுக்கினால் இதைவிட அதிகம் கிடைக்கும். நாடு முழுவதும் காப்பகப் பணியாளர்களின் நடுவாந்தர ஊதியம் 2024-ல் மணிக்கு 15.41 டாலர்தான். அவர் போய்விட்டால் விதிப்படி நான்கு குழந்தைகளை நிறுத்த வேண்டும். நான்கு வீடுகளில் யாரோ ஒருவர் வேலைக்குப் போக முடியாது.

பெற்றோரால் தரக்கூடியது ஒரு தொகை. ஒழுங்காக நடத்த ஆகும் செலவு வேறொரு தொகை. நடுவில் இருக்கும் பள்ளத்தைப் பணியாளரின் குறைந்த சம்பளம்தான் இத்தனை வருடமாக அடைத்துக்கொண்டிருக்கிறது. சந்தை இதைத் தானே சரிசெய்யாது, ஏனென்றால் குழந்தையை இன்னும் வேகமாகத் தூங்க வைத்து உற்பத்தியைப் பெருக்க முடியாது. வியாபாரம் தெரிந்தவர்களுக்கு இதை ஒருமுறை காட்டினால் போதும், சட்டென்று பிடித்துக்கொள்வார்கள்.

அவர்கள் பக்கத்து வலியும் உண்மையானது. காலை 10 மணிக்கு போன் வரும்: "குழந்தைக்குக் காய்ச்சல், வந்து கூட்டிக்கொண்டு போங்கள்." காய்ச்சல் விட்டு 24 மணி நேரம் ஆகாமல் திரும்பச் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள். அப்போ அன்றைய வேலையும் போச்சு, மறுநாள் வேலையும் போச்சு. தொழிற்சாலையில் ஷிப்ட் காலை 6 மணிக்கு. காப்பகம் திறப்பது 7 மணிக்கு. பயிற்சி கொடுத்து வளர்த்த ஆள் பிரசவ விடுப்பு முடிந்து வந்து, இடம் கிடைக்காமல் மூன்றே மாதத்தில் வேலையை விடுகிறார். ரெடிநேஷன் என்ற தொழில்துறையினர் அமைப்பு 2023-ல் வெளியிட்ட கணக்குப்படி, மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குப் போதிய பராமரிப்பு இல்லாததால் அமெரிக்கப் பொருளாதாரத்துக்கு ஆண்டுக்கு 122 பில்லியன் டாலர் நஷ்டம். அதில் பெரும்பங்கு, 78 பில்லியன், குடும்பங்கள் தலையில் விழுகிறது. நிறுவனங்களின் பங்கு 23 பில்லியன். மீதி அரசுக்கு வராமல் போகும் வரி.

இது புதிய ஞானோதயம் ஒன்றுமில்லை. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ஓரிகன் மாநிலத்தின் போர்ட்லண்டில் ஹென்றி கைசரின் கப்பல் கட்டும் தளங்கள் இரவுபகலாக ஓடின. ஆயிரக்கணக்கான பெண்கள் அங்கே வெல்டிங் செய்தார்கள். 1943-ல் தளத்தின் வாசலிலேயே இரண்டு பெரிய காப்பகங்களைக் கட்டினார்கள். சக்கரம் மாதிரி வட்டமான கட்டடம், நடுவில் விளையாட்டு முற்றம், சுற்றிலும் 15 அறைகள். அம்மா வேலை செய்யும் இடம் குழந்தைக்குத் தெரியும்படி தாழ்வான ஜன்னல்கள். இரவு ஷிப்டுக்கும் திறந்திருந்தது. ஷிப்ட் முடிந்து குழந்தையைக் கூட்டிப்போகும் அம்மா, வீட்டுக்குச் சமைத்த சாப்பாட்டையும் அங்கேயே வாங்கிக்கொண்டு போகலாம். படித்துப் பயிற்சி பெற்ற ஆசிரியைகளுக்கு, தளத்தில் வேலை செய்பவர்களோடு ஒப்பிடும்படியான சம்பளம் கொடுத்தார்கள். மூடும் வரை ஏறக்குறைய 4,000 குழந்தைகள் அங்கே வளர்ந்தார்கள்.

அந்தச் செலவு யாருடையது? பெரும்பகுதி அரசுடையது. கப்பல் ஒப்பந்தச் செலவோடு சேர்த்து எழுதப்பட்டது. அதே காலத்தில் லேன்ஹம் சட்டத்தின் கீழ் மத்திய அரசு நாடெங்கும் காப்பகங்களுக்குப் பணம் கொடுத்தது. ஒரு நாளைக்கு ஒரு டாலருக்கும் குறைந்த கட்டணத்தில் ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் சேர்ந்தார்கள். 1945-ல் போர் முடிந்தது, போர்ட்லண்டின் காப்பகங்கள் மூடப்பட்டன. அடுத்த ஆண்டு மத்திய அரசின் பணமும் நின்றது. நல்ல காப்பகம் எப்படி நடத்துவது என்பது அந்த நாட்டுக்கு எண்பது வருடமாகத் தெரியும். பணம் வந்தபோது நடந்தது, நின்றபோது நின்றது. 1971-ல் நாடு தழுவிய காப்பகத் திட்டம் நாடாளுமன்றத்தின் இரு அவைகளிலும் நிறைவேறி வந்தும், அதிபர் நிக்சன் தன் மறுப்புரிமையால் தடுத்துவிட்டார்.

அதற்குப் பிறகு பெருமுதலாளிகள் இந்தப் பக்கம் வந்தது எண்பதுகளில். பொருளாதார வளர்ச்சிக் குழு என்று 1942-லேயே தொடங்கிய ஒரு தொழிலதிபர் அமைப்பு உண்டு. 1985-ல் அது பள்ளிகளைப் பற்றி அறிக்கை வெளியிட்டது. அந்த முயற்சிக்குத் தலைமை தாங்கியவர் பிராக்டர் அண்ட் கேம்பிள் நிறுவனத்தின் தலைவராக இருந்த ஓவன் பட்லர். பள்ளியை ஆராயப் புகுந்தவர்கள், பிரச்சினை பள்ளி வாசலுக்கு வரும் முன்பே ஆரம்பித்துவிடுகிறது என்று கண்டுகொண்டார்கள். 1987-ல் வந்த அடுத்த அறிக்கை கர்ப்பிணிகளின் ஆரோக்கியம், மழலைக் கல்வி என்று பின்னோக்கிப் போனது. 1991-ல் ஐந்து பெரிய நிறுவனத் தலைவர்கள் நாடாளுமன்றக் குழுவின் முன் உட்கார்ந்து, ஏழைத் தாய்மாருக்கும் குழந்தைகளுக்குமான ஊட்டச்சத்துத் திட்டத்துக்கு முழு நிதியும் கொடுங்கள் என்று வாதாடினார்கள். சமூக சேவகர் ஒருவர் அதே கோரிக்கையை வைத்தால் "நீங்கள் வேறென்ன சொல்வீர்கள்" என்று தள்ளிவிடுவார்கள். தனக்கென்று எதுவும் கேட்காத ஒரு தொழிலதிபர் கேட்டால், நிதிக் குழுவில் இருப்பவர் பேனாவை எடுக்கிறார். முதலாளியின் குரலுக்கு இருக்கும் தனி எடை இதுதான். அதை வாங்கிப் பயன்படுத்தத் தெரிய வேண்டும்.

டெக்சாஸில் ராஸ் பெரோ செய்ததையும் இங்கே சொல்ல வேண்டும். கம்ப்யூட்டர் சேவைத் தொழிலில் கோடீஸ்வரரான அவரை, 1983-ல் மாநிலக் கல்வியை ஆராயும் குழுவுக்கு ஆளுநர் மார்க் ஒயிட் தலைவராக்கினார். பெரோ ஊர் ஊராகப் போனார், சொந்தப் பணத்தைச் செலவழித்தார். 1984-ல் வந்த சட்டம் தொடக்க வகுப்புகளில் 22 குழந்தைகளுக்கு மேல் கூடாது என்றது, ஏழைக் குழந்தைகளுக்கு நான்கு வயதில் அரைநாள் வகுப்பைக் கொண்டுவந்தது, ஆசிரியர் சம்பளத்தை உயர்த்தியது, பாடத்தில் தேறாத மாணவர் விளையாட்டுப் போட்டியில் இறங்கக் கூடாது என்றும் சொன்னது. கால்பந்துக்காக உயிரை விடும் மாநிலத்தில் இப்படி ஒரு விதி! அதற்கான வரி உயர்வையும் சேர்த்தே நிறைவேற்றினார்கள். ஆசிரியர்களுக்குத் தகுதித் தேர்வு வைத்ததில் அவர்கள் கொதித்தார்கள். 1986 தேர்தலில் ஆளுநர் தோற்றார். ஆனால் 22 என்ற வரம்பு சட்டத்தில் இன்றும் இருக்கிறது.

இப்போதைய தொழிலதிபர்கள் வாயில் அடிக்கடி வரும் "ஒரு டாலர் போட்டால் இத்தனை டாலர் திரும்பும்" என்ற பேச்சு எங்கிருந்து வந்தது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள், அதில் ஒரு வழுக்கல் இருக்கிறது. மிச்சிகனின் இப்சிலாண்டியில் 1962-ல் தொடங்கிய பெர்ரி மழலைப் பள்ளி ஆய்வில் மொத்தம் 123 ஏழைக் கறுப்பினக் குழந்தைகள். 58 பேருக்கு வகுப்பு, 65 பேருக்கு இல்லை. நாற்பது வயது தாண்டியும் அவர்களைத் தொடர்ந்து கவனித்தார்கள். வகுப்பில் படித்தவர்கள் அதிகம் சம்பாதித்தார்கள், குறைவாகச் சிறைக்குப் போனார்கள். 2000-ல் பொருளாதார நோபல் பெற்ற ஜேம்ஸ் ஹெக்மன் குழு, அந்த முதலீட்டுக்கு ஆண்டுக்கு 7 முதல் 10 சதவீதம் பலன் என்று கணக்கிட்டது. ஹெக்மன் கணக்குக்கு முன்பே, 2003-ல், மினியாபொலிஸ் மத்திய வங்கிக் கிளையின் ஆர்ட் ரோல்னிக்கும் ராப் குரூனவால்டும் இன்னும் கூடுதலாக, 16 சதவீதம் என்று போட்டிருந்தார்கள். அவர்கள் வாதம் எனக்கு மிகவும் பிடித்தது. ஒரு மாநிலம் இன்னொரு மாநிலத்திலிருந்து தொழிற்சாலையை இழுத்துவரச் சலுகை கொடுக்கிறது. நாட்டுக்கு அதனால் ஒரு வேலைகூடக் கூடவில்லை, இடம்தான் மாறுகிறது. அதே பணத்தை மூன்று வயதுக் குழந்தையிடம் போடுங்கள் என்றார்கள். ஒரு மத்திய வங்கியின் ஆராய்ச்சித் தலைவர் இப்படிச் சொன்னதும் மினசோட்டாவின் பெரிய நிறுவனங்கள் பணம் போட்டு ஒரு அறக்கட்டளை தொடங்கி, ஏழைக் குழந்தைகளுக்கு மழலைக் கல்வி உதவித்தொகை கொடுத்துச் சோதித்துப் பார்த்தன. 2013-ல் மாநில அரசே அதை நிதி ஒதுக்கி விரிவாக்கியது.

சரி, வழுக்கல் எங்கே? பெர்ரியில் ஆறு குழந்தைக்கு ஒரு பயிற்சி பெற்ற ஆசிரியர். வாரம் ஒருமுறை ஆசிரியரே வீட்டுக்குப் போய் ஒன்றரை மணி நேரம் தாயோடும் குழந்தையோடும் உட்காருவார். அந்தப் பலனை மேற்கோள் காட்டிவிட்டு, இருபது குழந்தைகளை ஓர் அறையில் அடைத்து மலிவாக ஒரு திட்டம் போட்டால் அதே பலன் வராது. டென்னசி மாநிலத்தின் மழலைக் கல்வித் திட்டத்தைக் குலுக்கலில் இடம் கிடைத்தவர்களையும் கிடைக்காதவர்களையும் ஒப்பிட்டு ஆராய்ந்தபோது, ஆறாம் வகுப்பு வந்த சமயத்தில் திட்டத்தில் படித்த பிள்ளைகள் படிக்காதவர்களைவிடத் தேர்வில் கொஞ்சம் பின்தங்கியே இருந்தார்கள் என்று 2022-ல் முடிவு வந்தது. காரணம் என்ன என்பதில் ஆராய்ச்சியாளர்களிடையே இன்னும் வாதம் ஓடுகிறது. மழலைக் கல்வியே வீண் என்று நான் இதை எடுத்துக்கொள்ளவில்லை. தரத்துக்கும் சேர்த்துப் பணம் கேட்காத முதலாளியின் புள்ளிவிவரத்தை நம்ப வேண்டாம் என்றுதான் எடுத்துக்கொள்கிறேன்.

அடுத்தது எனக்கு உண்மையிலேயே மனவருத்தம் தரும் பகுதி. 2021-ல் குடும்ப வருமானத்தில் 7 சதவீதத்துக்கு மேல் காப்பகச் செலவு போகாதபடி பெரும்பாலான குடும்பங்களுக்கு உதவி, மூன்று நான்கு வயதுக்கு இலவச மழலைக் கல்வி, இரண்டையும் கொண்ட ஒரு பெரிய மசோதா மத்தியில் வந்தது. அமெரிக்க வர்த்தக சபையும் பெருநிறுவனத் தலைவர்களின் வட்டமேசை அமைப்பும் அதை எதிர்த்தன. முக்கியக் காரணம், அதோடு வந்த நிறுவன வரி உயர்வு. அதே வர்த்தக சபையின் அறக்கட்டளைதான் மாநிலம் மாநிலமாகப் போய், காப்பகம் இல்லாததால் எவ்வளவு நஷ்டம் என்று கணக்கெடுத்து வெளியிட்டது. மசோதா கீழவையில் தேறி மேலவையில் செத்தது. கொரோனா நேரத்தில் காப்பகங்களைத் தாங்கிப்பிடித்த 24 பில்லியன் டாலர் நிதியும் 2023 செப்டம்பரோடு முடிந்தது.

இப்படி மறுப்பவர்கள் பெரும்பாலும் காட்டும் மாற்று வழி, "கம்பெனிகளே காப்பகம் வைக்கட்டும், வரிச்சலுகை கொடுங்கள்" என்பது. செய்பவர்கள் நன்றாகவே செய்கிறார்கள். படகோனியா நிறுவனம் 1983 முதல் அலுவலகத்திலேயே காப்பகம் நடத்துகிறது. வரிச்சலுகை, வேலையை விட்டுப் போகிறவர்கள் குறைவது, ஊழியரின் ஈடுபாடு எல்லாம் சேர்த்தால் செலவின் பெரும்பகுதி திரும்பிவிடுகிறது என்று அதன் தலைமையே சொல்லியிருக்கிறது. ஆனால் இதற்கான மத்திய வரிச்சலுகை 2001-லிருந்து இருக்கிறது; 2016-ல் நாடு முழுவதும் அதைக் கோரிய நிறுவனங்கள் முந்நூறுகூட இல்லை என்பது அரசுத் தணிக்கை அலுவலகத்தின் மதிப்பீடு. 2025-ல் சலுகையைக் கூட்டியிருக்கிறார்கள், நல்லதுதான். இருந்தாலும் பன்னிரண்டு பேர் வேலை செய்யும் பட்டறை காப்பகம் நடத்தப்போவதில்லை. அப்புறம், வேலையை விட்டால் குழந்தையின் இடமும் போய்விடும் என்றால், அந்தத் தாய் சம்பள உயர்வு கேட்கவே யோசிப்பாள்.

வெர்மான்ட் வேறு வழியில் போனது. அங்கே "லெட்ஸ் க்ரோ கிட்ஸ்" என்ற இயக்கம், காலக்கெடு வைத்துக்கொண்டு வேலையைத் தொடங்கி, ஊர் ஊராகத் தொழில் நடத்துபவர்களைச் சேர்த்தது. 2023-ல் வந்த சட்டத்தின்படி சம்பளத்தில் 0.44 சதவீதம் காப்பக வரி. அதில் குறைந்தது முக்கால் பங்கை முதலாளி கட்ட வேண்டும். கால் பங்கு வரை வேண்டுமானால் ஊழியர் சம்பளத்தில் பிடிக்கலாம். 50,000 டாலர் சம்பளத்துக்கு வருடம் 220 டாலர். அதில் முதலாளி பங்கு 165. புதிய வரி கூடாது என்று ஆளுநர் ஃபில் ஸ்காட் சட்டத்தைத் திருப்பி அனுப்பினார். சட்டமன்றம் அவரை மீறி நிறைவேற்றியது. 2024 ஜூலையிலிருந்து வரி வசூலாகிறது. வறுமைக் கோட்டைப்போல ஐந்தேமுக்கால் மடங்கு வருமானம் வரை உள்ள குடும்பங்களுக்கு உதவி நீள்கிறது. காப்பகங்களுக்குக் கொடுக்கும் தொகையும் கூடியது. என் காப்பகத்துப் போர்டில் எழுதிய அந்த 320 டாலர் பள்ளத்தை நேராகப் பார்த்து நிரப்ப முன்வந்த திட்டம் இது. மற்ற மாநிலங்களில் இவ்வளவு துணிச்சல் இல்லை என்றாலும் நல்ல யோசனைகள் உண்டு. மிச்சிகன் 2021-ல் காப்பகச் செலவை முதலாளி, ஊழியர், மாநிலம் என்று மூன்று பங்காகப் பிரித்துச் சோதித்தது. கென்டக்கி 2022-ல் காப்பகத்தில் வேலை செய்பவர்களின் சொந்தக் குழந்தைகளுக்கு, வருமானம் பார்க்காமல், அரசு உதவி கொடுத்தது. இந்தக் கடைசி யோசனை பெரிய செலவில்லாதது. ஒரு பணியாளர் வேலையில் தங்கினால் அவர் பார்த்துக்கொள்ளும் அத்தனை குழந்தைகளுக்கும் இடம் தங்குகிறது.

இனி உங்கள் கம்பெனி விஷயம். தலைமையிடம் போகும்போது "குழந்தைகள் நம் எதிர்காலம்" என்று ஆரம்பிக்காதீர்கள், தலையாட்டிவிட்டு அனுப்பிவிடுவார்கள். முதலில் மனிதவளப் பிரிவிடம் ஒரு எண்ணைக் கேளுங்கள்: பிரசவ விடுப்பு முடிந்து வந்தவர்களில் ஒரு வருடத்துக்குள் போனவர்கள் எத்தனை பேர், அவர்கள் இடத்தில் புது ஆள் எடுத்துப் பயிற்சி கொடுக்க என்ன செலவானது? அநேகமாக இதை யாரும் கூட்டிப் பார்த்திருக்க மாட்டார்கள். அந்த எண்ணோடு போங்கள். பிறகு நேராகக் கேளுங்கள்: நாம் உறுப்பினராக இருக்கும் வர்த்தக சபை, மாநிலத்தின் காப்பக மசோதாவில் என்ன நிலை எடுத்திருக்கிறது? அதில் வரி வந்தால் நாம் ஆதரிப்போமா, எதிர்ப்போமா? பணியாளர் சம்பளத்தை உயர்த்தும் பிரிவு மசோதாவில் இருக்கிறதா? பதில் சொல்லத் தயங்கினால் கோபப்பட வேண்டாம், அடுத்த மாதம் திரும்பக் கேளுங்கள். எங்கள் காப்பகத்துக்கு உதவிய ஒரு தொழிற்சாலை உரிமையாளர் மூன்றாம் முறை கேட்ட பிறகுதான் கைக்குழந்தை அறையைப் பார்க்க வந்தார். அரை மணி நேரம் நின்று பார்த்தவர், சட்டமன்றக் குழுவுக்குக் கடிதம் எழுதச் சம்மதித்தார்.

சட்டத்துக்குக் காத்திருக்காமல் இன்றே செய்யக்கூடியது ஒன்றும் உண்டு, அதையும் கேளுங்கள். ஷிப்ட் பட்டியலை இரண்டு வாரம் முன்பே ஒட்டச் சொல்லுங்கள். முந்தைய நாள் இரவு ஒன்பது மணிக்கு "நாளை ஆறு மணிக்கு வா" என்று செய்தி வந்தால், எந்தக் காப்பகமும், எந்தப் பாட்டியும் அதற்கு ஈடுகொடுக்க முடியாது. எங்கள் காப்பகத்தில் நின்றுபோன குழந்தைகளில் பலர் கட்டணம் கட்ட முடியாமல் நிற்கவில்லை. அம்மாவின் வேலை நேரம் எங்கள் கதவு திறக்கும் நேரத்தோடு ஒத்துவராமல் நின்றார்கள்.